உடைக்காதீர்கள் அந்த மாத்திரையை!

சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்?

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விதையும் பருத்துவிடும். கறுப்பு விதையைச் சுற்றிக் கண்ணாடி போல ஓர் உறை உண்டாகும். தொட்டால் வழுக்கும். நசுக்கினால் நழுவும்.

வெந்தயத்தை இரவில் ஊற வைத்தாலும் இதே கதைதான். காலையில் பார்த்தால் தண்ணீர் கொழகொழவென்று இருக்கும். வெண்டைக்காயை நறுக்கினால் கையில் பிசுபிசுப்பதும் இதே போன்ற பொருள்தான்.

இந்தக் கொழகொழப்பு அடுப்பங்கரையோடு நின்றுவிடவில்லை. மருந்துக் கம்பெனிகளுக்கும் போய்விட்டது. சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றுக்காக விழுங்கும் மாத்திரைகள் பலவற்றில், மருந்தோடு மருந்தாக இதுவும் இருக்கிறது.

மருந்தை ஒரேயடியாக வெளியே விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே அதன் வேலை.

இப்படிப்பட்ட மாத்திரையை உடைக்கக் கூடாது. பொடிக்கக் கூடாது. மெல்லக் கூடாது. விழுங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய சேதி இதுதான். ஆனால் அவருக்குக் கடைசி வரை தெரியாமல் போவதும் இதுதான்!

மெதுவாக வந்தால் என்ன லாபம்?

ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை பயிருக்கு ஆகாது. வெள்ளம் வந்து வயலை மூழ்கடிக்கும். மறு வாரமே நிலம் வெடிக்கும். மடையைத் திறந்து அளவாக விடும் தண்ணீர்தான் பயிரைக் காப்பாற்றும்.

மருந்தும் அப்படித்தான்.

சாதாரண மாத்திரை வயிற்றுக்குள் போனதும் சீக்கிரம் கரைந்துவிடும். இரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென்று ஏறும். பிறகு இறங்கும். இறங்கியதும் அடுத்த வேளை மாத்திரை. இப்படி ஏற்றமும் இறக்கமுமாக நாள் ஓடும். ஒரு வேளை மறந்தால் போச்சு!

சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் மெட்பார்மினை எடுத்துக்கொள்ளலாம். 1957-ல் பிரான்சு நாட்டில் ஜான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதன் பலனை உலகுக்குச் சொன்னார். இன்று உலகம் முழுவதும் அதிகமாக விற்பனையாகும் சர்க்கரை மருந்துகளில் அதுவும் ஒன்று.

சாதாரண மெட்பார்மினை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை சாப்பிட வேண்டும். சிலருக்கு வயிற்றைப் புரட்டும். வயிற்றுப்போக்கும் வரும்.

அதே மருந்தை மெதுவாக விடும் மாத்திரையாகச் செய்தார்கள். அமெரிக்காவில் 2000-ம் ஆண்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. இரவுச் சாப்பாட்டோடு ஒரே வேளை போதும். சாதாரண மாத்திரை இரண்டு அல்லது மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சிக்குப் போய்விடும். இதுவோ உச்சிக்குப் போகச் சுமார் 7 மணி நேரம் ஆகும். வயிற்றுத் தொல்லையும் பலருக்குக் குறைகிறது.

இரைப்பை சும்மா இருக்காது

மெதுவாக விடுவது அத்தனை சுலபமா?

இல்லை. இரைப்பை ஒரு பை என்றாலும், போட்டதைப் போட்டபடி வைத்திருக்கும் பை அல்ல. அது ஓர் அரவை இயந்திரம். உணவைப் பிசைந்து பிசைந்து, சின்னஞ்சிறு துணுக்காக்கிக் குடலுக்குத் தள்ளும். தண்ணீர் சீக்கிரம் போய்விடும். சோறும் கறியும் போக இரண்டு, மூன்று, நாலு மணி நேரம்கூட ஆகும்.

வயிறு காலியாக இருந்தாலும் இரைப்பை தூங்குவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பெருக்கித் தள்ளுகிறது. வீடு கூட்டும் துடைப்பம் போல ஓர் அலை வரும். மிச்சம் மீதி எல்லாவற்றையும் குடலுக்கு அனுப்பிவிடும். அந்த அலையில் மாத்திரையும் போய்விடும்.

போனால் என்ன?

மெட்பார்மின் போன்ற மருந்துகளைச் சிறுகுடலின் மேல் பகுதிதான் நன்றாக உறிஞ்சும். மாத்திரை அதையும் தாண்டி ஓடிவிட்டால், உள்ளே மிச்சம் இருக்கும் மருந்து வீண்.

ஆகவே மாத்திரை இரைப்பையில் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். தங்கியபடி மருந்தைச் சிறுகச் சிறுகக் கீழே அனுப்ப வேண்டும். வயிற்றில் உணவு இருக்கும்போது பெரிய பொருள் சீக்கிரம் வெளியேறாது. “சாப்பாட்டோடு விழுங்குங்கள்” என்று டாக்டர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதை அலட்சியம் செய்து வெறும் வயிற்றில் போட்டால், மாத்திரையின் வேலை பாதியில் நின்றுபோகும்.

மரமும் பருத்தியும் கொத்தவரையும்

இந்த வேலைக்கு ஏற்ற பொருளைத் தேடிய விஞ்ஞானிகள் செடி கொடிகளிடமே வந்து சேர்ந்தார்கள்.

முதலில் பயன்பட்டது மெழுகு. 1952-ல் அமெரிக்காவின் ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்ச் கம்பெனி, மெழுகு பூசிய சின்ன மணிகளைக் குப்பிக்குள் அடைத்து விற்றது. பிறகு கூழின் காலம் வந்தது. தண்ணீர் பட்டால் பருக்கும் பிசின்களை மருந்தோடு கலந்து மாத்திரை ஆக்கும் முறைக்கு, 1962-ல் கிறிஸ்டென்சன், டேல் என்ற இருவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள்.

இன்று இந்த வேலையில் முதல் இடம் ஹைப்ரோமெல்லோஸ் என்ற தூளுக்கு. பெயர்தான் வாயில் நுழையாது. பிறப்பு எளிமையானது. மரக்கூழிலிருந்தோ, பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சிலிருந்தோ நார்ச்சத்தைப் பிரித்து, இரசாயன முறையில் பக்குவம் செய்தால் இது கிடைக்கும்.

இன்னொன்று கொத்தவரை. சமையலுக்கு வாங்கும் அதே கொத்தவரங்காய்தான். அதன் முற்றிய விதையை அரைத்தால் கிடைக்கும் பசைமாவு, தண்ணீரில் மிகக் கெட்டியாக ஊறும். வெந்தயத்தின் கொழகொழப்பும் இதுவும் ஒரே குடும்பம். உலகில் விளையும் கொத்தவரை விதையில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது. அதிலும் ராஜஸ்தானின் வறண்ட காடுகளுக்குத்தான் முதல் இடம்.

மூன்றாவது கடற்பாசி. 1881-ல் ஸ்டான்போர்டு என்ற ஆங்கில இரசாயன நிபுணர், பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் பாசிகளில் கட்டக்கோரை என்பதும் ஒன்று. ஆல்ஜின் அதில் உண்டு.

ஆல்ஜினுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. வயிற்றுப் புளிப்பு நீர் பட்டதும் அது கூழாகக் கட்டிக்கொள்ளும். கூடவே சோடா உப்பைச் சேர்த்தால் காற்றுக் குமிழிகள் உண்டாகும். குமிழியைப் பிடித்துக்கொண்டு கூழ் மேலே மிதக்கும், தெப்பம் போல! நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இப்படி மிதந்துதான், புளிப்பு நீர் மேலே ஏறாமல் தடுக்கின்றன.

மிதக்கும் பொருள் இரைப்பையின் கீழ் வாசலுக்குச் சீக்கிரம் போகாது. இதையே மாத்திரைக்கும் பயன்படுத்தினார்கள். இந்தியாவின் ரான்பாக்சி கம்பெனி, சிப்ரோபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நாளுக்கு ஒரே வேளை போட்டால் போதும் என்ற முறையில் மிதக்கும் மாத்திரையாகச் செய்து காட்டியது. அந்தக் கம்பெனி 2015-ல் சன் பார்மாவுடன் இணைந்துவிட்டது.

உள்ளே நடப்பது என்ன?

மாத்திரை வயிற்றில் விழுந்ததும் அதன் மேல்பக்கம் நனையும். நனைந்த இடம் சப்ஜா விதையின் உறை போலக் கூழாக மாறும். அந்தக் கூழ்தான் காவல்காரன்.

தண்ணீர் அவனைத் தாண்டி உள்ளே போக நேரம் ஆகும். உள்ளே கரைந்த மருந்து அவனைத் தாண்டி வெளியே வரவும் நேரம் ஆகும். மேல்கூழ் தேயத் தேய, உள்ளே அடுத்த அடுக்கு நனைந்து புதுக் கூழாகும். வெங்காயத்தை உரிப்பது போல, அடுக்கு அடுக்காக வேலை நடக்கும்.

எல்லாம் முடிந்த பிறகும் சில சமயம் கூழ் மட்டும் மிஞ்சும். அது மலத்தோடு, கிட்டத்தட்ட மாத்திரை வடிவத்திலேயே வெளியே வரும். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. “மாத்திரை கரையவே இல்லையே!” என்று இன்னொன்றை எடுத்து விழுங்கினால் அது பெரிய தப்பு. வந்தது வெறும் கூடு. மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது. இரண்டாவது மாத்திரை போட்டால், இரட்டை மருந்து போட்டது ஆகும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்பதே சரி.

அன்பே ஆபத்தாகும் இடம்

இந்தக் காவல்காரனை அடித்து விரட்டினால்?

பெரும்பாலும் விரட்டுவது விரோதி அல்ல. வீட்டில் இருக்கும் அன்பானவர்கள்தான்!

கூழ்ப்பொருளும் சேர்வதால் இந்த மாத்திரைகள் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வயதானவர்களுக்குத் தொண்டையில் நிற்கும்.

“மாத்திரை பெரிசா இருக்கும்மா. உள்ளே இறங்க மாட்டேங்குது” என்பார் மாமியார்.

“இருங்க அத்தை, பொடிச்சுத் தேன்ல குழைச்சுத் தர்றேன்” என்பாள் மருமகள்.

எவ்வளவு நல்ல மனசு! ஆனால் நடப்பது என்ன? நாள் முழுவதும் வர வேண்டிய மருந்து, ஒரே மூச்சில் வயிற்றில் கொட்டுகிறது. மடை உடைந்து வெள்ளம் பாய்கிறது. சில மணி நேரம் கழித்து மருந்தே இல்லாத வறட்சி.

சர்க்கரை மாத்திரையில் இப்படி நடந்தால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். மீதி நேரத்தில் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போகலாம். நிபெடிபின் போன்ற இரத்தக் கொதிப்பு மாத்திரையில் நடந்தால், இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் தியோபிலின் மருந்தில் நன்மை செய்யும் அளவுக்கும் தீமை செய்யும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதைப் பொடித்துக் கொடுத்தால் நெஞ்சு படபடக்கும். வலிப்புகூட வரலாம்.

மூக்கு வழியே குழாய் வைத்து உணவு கொடுக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை. பொடித்த மாத்திரை குழாயிலேயே கூழாகி அடைத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்டவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. “விழுங்க முடியவில்லை” என்று டாக்டரிடம் சொன்னால், அவர் சாதாரண மாத்திரையாகவோ திரவ மருந்தாகவோ மாற்றித் தருவார். மாற்ற வேண்டியவர் டாக்டர். அம்மிக் குழவி அல்ல!

அமெரிக்கா கற்ற பாடம்

கொழகொழப்புப் பொருளைச் சாதாரணமாக நினைத்ததால் வந்த வினைக்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு.

அங்கே உடம்பு இளைக்க என்று கொத்தவரைப் பசைமாவில் செய்த மாத்திரைகளை விற்றார்கள். வயிற்றில் பருத்துப் பசியை அடக்கும் என்று விளம்பரம். ஆனால் சிலருக்கு அது வயிறு போய்ச் சேரவில்லை. உணவுக்குழாயிலேயே பருத்து அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. 1990-ல் அந்த நாட்டு அரசாங்கத்தின் உணவு மருந்துத் துறை தலையிட்டு விற்பனையைத் தடுத்தது.

இன்னொரு பாடம் 2005-ல் கிடைத்தது. மெதுவாக மருந்து விடும் ஒரு கடுமையான வலி மருந்தைச் சாராயத்தோடு சேர்த்து விழுங்கினால், பூச்சு கெட்டு மருந்து ஒரேயடியாக வெளியே வரும் என்று தெரிந்தது. உடனே கடைகளிலிருந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். அது செடிக்கூழ் மாத்திரை அல்ல, வேறு வகைப் பூச்சு. ஆனாலும் பாடம் ஒன்றுதான். காவல் உடைந்தால் மருந்தே விஷம்!

“இயற்கைதானே” என்பது பதில் ஆகாது

செடியிலிருந்து வந்தது என்றதும் சிலர் தைரியம் கொள்கிறார்கள். “இயற்கைப் பொருள், ஒன்றும் செய்யாது” என்கிறார்கள். கொத்தவரை இயற்கைதான். அது தொண்டையை அடைத்ததும் உண்மைதான். எங்கிருந்து வந்தது என்பதைவிட, எப்படிப் பயன்படுகிறது என்பதே முக்கியம்.

வேறு சிலர் எதிர்ப்பக்கம் போகிறார்கள். “மருந்தோடு எதற்குப் பிசினும் பசையும்? எடையைக் கூட்டிக் காசு பறிக்கும் தந்திரம்” என்கிறார்கள். அதுவும் தப்பு. இந்த மாத்திரையில் கூழுக்கும் மருந்துக்கும் சமமான வேலை இருக்கிறது.

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. “வெந்தயமும் இதே பொருள்தானே? மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்தயத் தண்ணீர் குடித்தால் போதாதா?” என்று கேட்பவர்கள். வெந்தயம் நல்ல உணவு. ஆனால் கூழ் என்பது மருந்தைச் சுமக்கும் வண்டி. வண்டி மட்டும் வந்தால் சரக்கு வந்ததாகுமா? அது மட்டும் அல்ல. இசப்கோல் போன்ற கொழகொழப்புப் பொருளை மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், அது மருந்தை உடம்பில் சேர விடாமல் இழுத்துப் பிடிக்கக்கூடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

ஒரு வரி அச்சிட இடம் இல்லையா?

இதெல்லாம் மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது என்று வாதம் செய்யலாம். எப்படி இருக்கிறது? எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்று இரண்டு ஆங்கில எழுத்தாக! “இது மெதுவாக மருந்து விடும் மாத்திரை” என்பதுதான் அந்த இரண்டு எழுத்தின் பொருள். படித்தவர்களுக்கே அது புரிவதில்லை. இப்போதுதான் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் தாய்மாருக்கு எப்படிப் புரியும்?

“அட்டை சின்னது. இடம் இல்லை” என்று கம்பெனிகள் சொல்லலாம். போலி மருந்தைக் கண்டுபிடிக்க, அதிகமாக விற்கும் 300 மருந்துகளின் மேல் கியூ.ஆர். குறி அச்சிட வேண்டும் என்று இந்திய அரசாங்கம் உத்தரவு போட்டது. 2023 ஆகஸ்டு முதல் அது நடப்புக்கு வந்தது. அதற்கு இடம் கிடைத்ததே! உடைக்காதே என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் இருக்காதா?

“இந்தியாவில் எத்தனை மொழி! எந்த மொழியில் அச்சிடுவது?” என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. படத்துக்கு மொழி ஏது? இரண்டாக உடைந்த ஒரு மாத்திரை, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். எல்லா மாநிலத்திலும் செல்லும். கம்பெனிக்குச் செலவும் அதிகம் ஆகாது. அரசாங்கம் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியது இல்லை. மருந்துக் கடைக்காரர் கவரின் மேல் “காலை, இரவு” என்று பேனாவால் எழுதித் தருகிறார். கூடவே “முழுதாக விழுங்கவும்” என்று இரண்டு வார்த்தை எழுதினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. டாக்டரும் சீட்டைக் கொடுக்கும்போது வாயால் ஒரு வார்த்தை சொல்லலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் பங்கு உண்டு. மாத்திரை வாங்கும்போதே “இதை உடைக்கலாமா?” என்று கேட்க வேண்டும். நடுவில் கோடு போட்ட மாத்திரையாக இருந்தாலும் கேட்ட பிறகுதான் உடைக்க வேண்டும். சில மாத்திரைகளைக் கோட்டில் பாதியாக்கலாம். ஆனால் அவற்றையும் பொடிக்கக் கூடாது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். படுத்துக்கொண்டு விழுங்கக் கூடாது. சாப்பாட்டோடு என்று சொன்னால் சாப்பாட்டோடுதான்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம். புடவை வாங்கும்போது சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்கிறார்கள். உடம்புக்குள் போகும் மருந்துக்கு ஒரு தடவை கேட்டால் என்ன?

ராஜஸ்தான் விவசாயியின் கொத்தவரை, பருத்திக் காட்டின் பஞ்சு, கடலில் மூழ்கிப் பெண்கள் எடுத்து வரும் பாசி. இத்தனை பேர் உழைப்பும், விஞ்ஞானிகளின் பல ஆண்டு மூளையும் சேர்ந்து ஒரு மாத்திரைக்குள் காவல் நிற்கின்றன. அந்தக் காவலை ஒரு குழவிக்கல் ஒரே அடியில் கலைத்துவிடுகிறது.

குழவிக்கல்லைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அதைத் தூக்கும் கைக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்வது டாக்டர், கடைக்காரர், கம்பெனி, அரசாங்கம் எல்லோருடைய கடமை.